தோட்டத்தில் ஒரு மூலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுவை நோக்கி வருவோர், மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்களைக் காண்பர். கட்டங்கட்டமாக வகுக்கப்பட்ட பாத்திகள். அவற்றினிடையே நேராக ஓடும் வரப்புகள். வரப்பின்மேல் கீற்று வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள். அங்கிருந்து சற்று உள்ளே தள்ளிச் சென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் நீரும் கோரையுமாக ஒரு பெருவெளி விரிந்து கிடக்கிறது. அதன் பெயர் கழுவெளி.

பாத்திகளைப் பார்ப்பவர், "எவ்வளவு ஒழுங்கு!" என்று வியக்கிறார். கழுவெளியைப் பார்ப்பவரோ, "இவ்வளவு நிலமும் வீணாய்க் கிடக்கிறதே!" என்று இரங்கிக் கடந்து போகிறார். இவ்விரண்டு சொற்களிலும் இன்றைய மனிதன் இயற்கையை நோக்கும் பார்வை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெட்டிச் சீர்செய்தது அழகு. தானே வளர்ந்தது அசிங்கம். வரிசையாய் நின்றால் பூங்கா. கலந்து நின்றால் புதர். நம் நகரங்களிலும் பேரூர்களிலும், ஏன், நம் ஆலய வளாகங்களிலுங்கூட இந்த அளவுகோலே ஆட்சி செய்கிறது. இது சரியான அளவுகோல்தானா என்பதை நம் குடும்பங்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வீண் நிலம் என்ற பெயர்

கழுவெளி ஆழமற்ற ஏரி. உப்புக்கல்லி ஓடையும் இடையன்திட்டுக் கழிமுகமும் அதனை வங்கக் கடலோடு இணைக்கின்றன. ஒரு பகுதியில் மழைநீர் தேங்கி நன்னீராய் நிற்கிறது. மறு பகுதியில் கடல்நீர் ஏறி உவராய் நிற்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில் மீன்கள் குஞ்சு பொரிக்கின்றன. சம்புக்கோரை பல நூறு ஹெக்டேரில் வளர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வரும் பறவைகள் இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் இரை தேடுகின்றன. தேங்கும் நீர் மண்ணுள் இறங்கிச் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பெருக்குகிறது. முற்காலத்தில் இப்பகுதியில் பரந்திருந்த அலையாத்திக் காடுகள் இன்று சிறுசிறு திட்டுகளாகச் சுருங்கிவிட்டன.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பளவு 5,151.6 ஹெக்டேர். ஈரநிலங்களைக் காக்க ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன அல்லவா? அதன் பட்டியலில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கழுவெளியும் இடம்பெற்றது. வழிப்போக்கர் வீண் என்று சொன்ன நிலத்தை உலகம் கருவூலம் என்று எழுதி வைத்திருக்கிறது!

அந்நிலம் செய்யும் தொண்டின் தேவையை 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு நாம் கண்ணாரக் கண்டோம். பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுவையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாளில் நீருக்கு ஓர் இடம் வேண்டும். தாழ்ந்து, பரந்து, வெறுமையாய்க் கிடக்கும் நிலமே அந்த இடம். அதை மேடாக்கி மனைகளாகப் பிரித்துவிட்டால், நீர் நம் வீட்டுக்குள்தான் இடம் தேடும்.

தோப்பு காத்த விதைகள்

மரக்காணத்திலிருந்து தெற்கே புதுவை செல்லும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஓர் அடர்ந்த தோப்பு நிற்கிறது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர்ந்த பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. பாலை, வீரை, காசா, நெக்கொட்டான் போன்ற மரங்கள் நிறைந்த இந்தக் காடு ஒருகாலத்தில் இக்கரையோரமெங்கும் இருந்தது. விறகுக்கும் வயலுக்கும் குடியிருப்புக்குமாக அது அழிந்தபோது, தெய்வத்தின் சொத்து என்று மக்கள் அஞ்சி ஒதுங்கிய இடங்களில் மட்டுமே உயிர் தப்பியது. நம் அயலாரான இந்துப் பெருமக்களின் பக்தியே அம்மரங்களுக்கு வேலியாயிற்று. இதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1968ஆம் ஆண்டு ஆரோவில் நிறுவப்பட்டபோது அந்த மேட்டு நிலம் மழையால் அரிக்கப்பட்ட செம்மண் வெளியாகக் கிடந்தது. அங்கே மரம் வளர்க்க முற்பட்டவர்கள் முதலில் விரைவில் வளரும் அயல்நாட்டு மரங்களை நட்டனர். பின்னர் இவ்வட்டாரத்துக் கோயில் தோப்புகளில் விதை பொறுக்கி, நாட்டு மரங்களை வளர்க்கலாயினர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வீசியபோது, அயல்நாட்டு மரங்களே அங்கு பெருமளவில் சாய்ந்தன.

அடையாற்றில் நடந்தது

அந்தக் காட்டு அனுபவம் நகரத்துக்கும் பயன்பட்டது. சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்தையொட்டி ஓர் உப்பங்கழி உண்டு. பல்லாண்டுகள் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டு அது நாறிக் கிடந்தது. அதில் 58 ஏக்கரை மீட்டெடுக்கும் பணியை அரசு மேற்கொண்டபோது, ஆரோவில்லில் பிச்சாண்டிக்குளம் என்னும் காட்டை வளர்த்த குழுவினர் அதற்குத் துணை நின்றனர். குப்பை அகற்றப்பட்டது. நீரோட்டத்துக்கு வழி விடப்பட்டது. கடற்கரைக்குரிய நாட்டு மரங்களும் செடிகளும் அலையாத்தியும் நடப்பட்டன. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அது தொல்காப்பியப் பூங்கா என்ற பெயருடன் திறக்கப்பட்டது.

பூங்கா என்றவுடன் மக்கள் எதிர்பார்த்தது என்ன? புல்தரை, ஊஞ்சல், நீரூற்று, குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ண இடம். அங்கே இருந்ததோ சேறு, நாணல், முட்செடி, நண்டு, தவளை. தொடக்க ஆண்டுகளில் பள்ளி மாணவர் குழுக்களுக்கே அங்கு முதலிடம் தரப்பட்டது; நினைத்தபோதெல்லாம் நுழைய இயலாது. 'மக்கள் பணத்தில் அமைத்த பூங்காவில் மக்களுக்கு இடமில்லையா?' என்ற வினா எழுவது இயல்பே. பறவைக்கு அமைதி வேண்டும், குழந்தைக்கு விளையாட்டு வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். நகரத்தில் இயற்கையை மீட்கும் எந்த முயற்சியும் இந்த இரு நியாயங்களுக்கும் இடையில்தான் நடந்தாக வேண்டும்.

அச்சங்களுக்கு விடை

மக்கள் தயங்குவதை அறியாமை என்று தள்ளிவிடுதல் தவறு. அவர்கள் சொல்லும் காரணங்களைச் செவிகொடுத்துக் கேட்போம்.

'பாம்பு வரும்' என்பது முதல் அச்சம். பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி குப்பையைத் தேடி வருகிறது. உணவுக் கழிவும் செங்கற் குவியலும் கிடக்கும் இடத்தில், ஒரு செடிகூட இல்லாவிட்டாலும் பாம்பு வரும். நடைபாதையை அகலமாகவும் திறந்தும் வைத்து, செடிகளைச் சுவரோரமாக ஒதுக்கி, இரவில் விளக்கோடு நடந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

'கொசு பெருகும்' என்பது இரண்டாவது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நம் வீட்டைச் சுற்றியே பெருகுகிறது. மூடாத தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூச்சாடியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். மீனும் தவளையும் தட்டானும் வாழும் குளத்தில் கொசுப்புழுவுக்குப் பகைவர் பலர்.

'தீயோர் ஒளிந்துகொள்வர்' என்பது மூன்றாவது. பெண்களும் முதியோரும் சொல்லும் இந்த அச்சம் மிகவும் நியாயமானது. பாதையருகே உயர்ந்த புதர் கூடாது, பார்வை தடைபடக் கூடாது, வெளிச்சம் வேண்டும். இவற்றைத் திட்டமிடும்போதே செய்துவிடலாம்.

சிங்கப்பூரில் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்கள் பீஷான்–அங் மோ கியோ பூங்காவை அறிவர். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாய் ஓடிய சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012ஆம் ஆண்டு திறந்தனர். வெள்ளம் வந்தால் குழந்தைகளின் கதி என்ன என்று பெற்றோர் கலங்காதிருக்க முடியுமா? நீர்மட்டம் உயர்ந்தால் விளக்கெரிந்து சங்கொலிக்கும் எச்சரிக்கை அமைப்பை அங்கே நிறுவினர். அச்சத்தை மதித்து விடை கண்டதால், ஆறும் பிழைத்தது, மக்களும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

அமெரிக்க நில அமைப்பு அறிஞர் ஜோன் நாசாவர் 1995ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் ஆழ்ந்த கருத்தொன்றைச் சொல்கிறார். காடுபோல் கலைந்து வளர்ந்த நிலத்தை மக்கள் வெறுப்பது, அதை யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணுவதால்தான். அதன் ஓரம் மட்டும் ஒழுங்காக வெட்டப்பட்டு, ஒரு சிறு வேலியோ பாதையோ இருந்தால், 'இதை யாரோ பேணுகின்றனர்' என்று உணர்ந்து அவர்கள் ஏற்றுக்கொள்வர்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. மரக்காணத்து உப்பளமே இதற்குச் சான்று. மனிதன் வகுத்த வரப்பு நேராக நிற்கிறது. அதே வரப்பின் அருகில், ஆழமற்ற உவர்நீரில், உள்ளானும் பூநாரையும் இரை கொத்துகின்றன. மனிதனின் ஒழுங்கும் படைப்பின் தாராளமும் ஒரே பாத்தியில் குடியிருக்க முடிகிறது.

ஏழையின் பங்கு எங்கே?

இயற்கையை மீட்பதைப் பற்றிப் பேசும்போது, யாருடைய வயிற்றில் அடி விழுகிறது என்றும் கேட்பது கிறிஸ்தவரின் கடமை. கழுவெளியைச் சுற்றி மீன்பிடித்தும் ஆடு மாடு மேய்த்தும் வாழும் குடும்பங்கள் உள்ளன. சரணாலயம் என்றால் வேலி என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இடையன்திட்டுக் கழிமுகத்தில் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. படகுக்குப் பாதுகாப்பான துறை வேண்டும் என்கிறார் மீனவர். கழிமுகம் சிதைந்தால் மீனே இராது என்கிறார் இயற்கை ஆர்வலர். இருவரும் கடலை நம்பியே பேசுகின்றனர்.

சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். நீரை உறிஞ்சி நிலத்தைக் கெடுக்கும் நச்சு மரம் என்று அதை ஏசாதவர் இல்லை. நாட்டுத் தாவரங்களை நெருக்கி ஒழிக்கும் அதை அகற்ற வேண்டியதுதான். ஆயினும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பு அந்த விறகால் எரிந்திருக்கிறது. கரிமூட்டம் போட்டு எத்தனையோ பேர் பிழைத்திருக்கின்றனர். அதை வெட்டும் கூலியும், அவ்விடத்தில் நாட்டு மரம் நட்டு வளர்க்கும் வேலையும் அதே ஏழைக்குக் கிடைக்குமானால், அதுவே நீதி. உப்பளத் தொழிலாளரும் இப்படித்தான். வெயிலில் வெண்மை கண்ணைப் பறிக்க, உவர்நீர் காலை அரிக்க உழைக்கும் அவர்களுக்கு மழைக்காலத்தில் அளத்தில் வேலை இல்லை. மழைக்காலமோ மரம் நடும் காலம்! இவ்விரண்டையும் இணைக்க நல்லமனம் படைத்தோர் முன்வரலாகாதா?

புனித பிரான்சிசின் மூலை

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதர் தம் துறவு இல்லத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விட்டுவைக்கும்படி சொல்லியிருந்தார். அங்கே காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தம் விருப்பம்போல் வளர வேண்டும். அவற்றைக் காண்போர் அவற்றைப் படைத்தவரை நினைக்க வேண்டும். இந்நிகழ்ச்சியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் நினைவுகூர்ந்தார். நகரங்களில் பசுமையான இடங்கள் வசதி படைத்தோரின் பகுதிகளிலேயே அமைந்துவிடுகின்றன. எளியோர் வாழும் பகுதிகளில் அவை காணக் கிடைப்பதில்லை என்றும் அதே மடலில் அவர் வருந்தினார்.

திருநூலைப் புரட்டினால், இந்த மூலைக்கு இன்னும் பழைய வேர் தென்படுகிறது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று லேவியர் நூலில் ஆண்டவர் கட்டளையிடுகிறார். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு கொடு என்கிறார். நிலம் முழுவதும் உனக்கே என்று எண்ணாதே என்பதே அதன் உட்பொருள். ஓரத்தை விட்டுவைப்பவன் சோம்பேறி அல்லன். நிலம் கடவுளுடையது என்று அறிக்கையிடுபவன் அவன்.

கல்லறைத் தோட்டத்தில் தொடங்குவோம்

நகரத்துப் பூங்காக்களை அரசு பார்த்துக்கொள்ளட்டும். நம் கையில் இருப்பவை எவை? ஆலய வளாகம், பள்ளி மைதானத்தின் ஓரம், கல்லறைத் தோட்டம். நெருக்கமான ஊர்களில் எஞ்சியிருக்கும் திறந்த மண் பல இடங்களில் இவையே.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? திருவிழாவுக்குப் பந்தல் போட வசதி என்று வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதிக்கிறோம். மழைநீர் மண்ணுள் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடுகிறது. கோடையில் ஆலயக் கிணறு வற்றுகிறது. நவம்பர் 2ஆம் நாள் இறந்த விசுவாசிகளை நினைக்கும் முன், கல்லறைகளைச் சுற்றியுள்ள பச்சையையெல்லாம் களைக்கொல்லி தெளித்துக் கருகச் செய்கிறோம். பிரிந்தோர்மீது கொண்ட அன்பினாலேயே இதைச் செய்கிறோம் என்பது உண்மை. எனினும், நாம் அவ்விடத்தைக் கல்லறைத் தோட்டம் என்றல்லவா அழைக்கிறோம்? ஆண்டவரை அடக்கம் செய்த கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது. உயிர்த்தவரை முதலில் கண்ட மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். தோட்டம் கருகிக் கிடந்தால் அவ்வாறு எண்ணியிருப்பாரா?

ஆகவே, சில எளிய வழிகளை நம் பங்குகளின் முன் வைக்கிறோம்.

கல்லறைகளையும் பாதைகளையும் வழக்கம்போல் தூய்மை செய்வோம். சுற்றுச் சுவரையொட்டி நான்கைந்து அடி அகலத்தை மட்டும் விட்டுவைப்போம். அங்கே களைக்கொல்லியும் வேண்டாம், தீயும் வேண்டாம். நொச்சி, ஆடாதோடை, களா, நுணா, தும்பை ஆகியவை இக்கரையோர மண்ணில் எளிதில் வளரும். எருக்கஞ் செடியைப் பிடுங்குமுன் அதன் இலையின் அடியைப் பாருங்கள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தின்றே வளர்கிறது.

அந்த ஓரத்துக்கு முன்னால் கல் வரிசை ஒன்றோ சிறு வேலியோ அமைப்போம். 'இது புனித பிரான்சிசின் மூலை' என்று ஒரு பலகை எழுதி நடுவோம். மறைக்கல்விப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது அதைக் கவனிப்பாரற்ற புதர் என்று யாரும் சொல்லார். பெரிய மரம் நடுவோர் விரைவில் நிழல் தரும் என்று அயல்நாட்டு மரத்தைத் தேடாமல், புன்னை, புங்கம், நாவல், வேம்பு என்று நடுவராக. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றுள் செம்மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் மிகுதி என்பதை மறவாதிருப்போம். மரத்தடியைச் சிமெண்டால் இறுக்காமல் வேருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதும் இன்றியமையாதது.

பங்குப் பேரவையில் இதற்கு எதிர்ப்பு எழலாம். எழுந்தால் நல்லதே, கேட்போம், விடை சொல்வோம், பாதையை இன்னும் அகலமாக்குவோம். ஓர் ஆண்டு சோதித்துப் பார்த்துப் பிறகு முடிவெடுப்போம். மனம் மாறுவதற்கும் ஒரு பருவம் வேண்டும். உப்பு விளைவதற்கே நாட்கணக்கில் வெயில் வேண்டியிருக்கிறதே!

வரும் அக்டோபர் 4ஆம் நாள் புனித பிரான்சிசின் திருநாள். அன்று மாலைச் செபத்துக்குப் பின், நம் வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ எந்த மூலையை விட்டுவைக்கலாம் என்று ஒவ்வொரு குடும்பமும் கூடிப் பேசட்டும். கொல்லை இல்லாதவர்கள் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைக்கலாம். அதை நாடியும் வண்ணத்துப்பூச்சி வரும். வந்து முட்டையிட்டு, புழு நாலு இலையைத் தின்றுவிட்டால் கோபிக்க வேண்டாம். அது லேவியர் நூல் சொன்ன ஓரம்.